கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது, டேட்டா போய்விட்டது

பெங்களூரில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான். டவுன்ஹால் பக்கம் இறங்கி அந்தச் சந்துகளுக்குள் நுழைந்தால் தமிழிலேயே பேசி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். "ஆன் ஆக மாட்டேங்குது அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று லேப்டாப்பை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

தவறு அந்தப் பேச்சிலேயே தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் அதை "எப்படியாவது ஓட வையுங்கள்" என்றுதான் எடுத்துக்கொள்வார். ஓட வைக்கச் சுலபமான வழி, டிஸ்க்கை ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. சாயங்காலம் மெஷின் ஜம்மென்று ஓடும். பிள்ளைக்குக் காது குத்திய போட்டோக்களும் கடையின் ஜிஎஸ்டி கணக்கும் மட்டும் இருக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறார்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்வது வேறு வேலை, டேட்டாவை மீட்பது வேறு வேலை. பல சமயம் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். அதனால் கொடுக்கும்போதே "மெஷின் போனால் போகட்டும், உள்ளே இருக்கிற ஃபைல்தான் வேண்டும், ஓஎஸ் போடாதீங்க" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போர்டோ டிஸ்ப்ளேயோ போயிருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் வந்துவிடும். ஒரு சிக்கல், புது விண்டோஸ் லேப்டாப்புகளில் டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் உங்களுக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். கடைக்குப் போகும் முன் போனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தெரியாமல் டெலிட் செய்துவிட்ட ஃபைல் விஷயம் வேறு. டெலிட் செய்ததும் ஃபைல் அழிவதில்லை. அது இருந்த இடம் காலி என்று டிஸ்க்கின் குறிப்பில் பதிவாகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படும் வரை பழையது அப்படியே கிடக்கும். இது தெரியாமல் நாம் செய்வது என்ன? பதறிப்போய் பிரவுசரைத் திறக்கிறோம், ரெக்கவரி சாஃப்ட்வேரைத் தேடுகிறோம், டவுன்லோட் செய்து அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்கிறோம், மீட்டதையும் அதே டிஸ்க்கில் சேமிக்கிறோம். ஒவ்வொரு படியிலும் தேடுகிற ஃபைலின் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, மீட்பதை மூன்றாவது இடத்தில் சேமிப்பதுதான் முறை. இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்றவை இதற்குப் போதும். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பைத் தேடிப் போகாதீர்கள், வைரஸ் வருகிற முக்கியமான வழிகளில் அதுவும் ஒன்று.

கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். மெமரி கார்டில் படங்கள் காணோம் என்றால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்கக்கூடாது. கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேறு கார்டில் தொடருங்கள்.

சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் இந்த அவகாசம் கிடைப்பதே சந்தேகம். டெலிட் ஆன இடங்களை முன்கூட்டியே துடைத்து வைக்கச் சொல்லும் டிரிம் என்ற கட்டளை விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. துடைத்தபின் எந்த சாஃப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது. உடனே பவரை நிறுத்தினால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது, படிக்கும் ஹெட் அதற்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது. ஹெட் பழுதாகியிருந்தால் ஒவ்வொரு ஆனும் தட்டை உரசலாம். உரசிப்போன பகுதி யாருக்கும் திரும்பக் கிடைக்காது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். தட்டில் ஈரம் படிவதுதான் மிச்சம். மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம், அந்த இடைவெளிக்கு ஒரு தூசியே பாறாங்கல். தூசி புகாத சுத்த அறை வசதி உள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும், செலவும் கூடுதலாகும். சத்தம் இல்லாமல் மெதுவாக மட்டும் ஓடும் டிஸ்க்கில் விண்டோஸின் சோதனைக் கருவியான 'செக்டிஸ்க்' ஓட்டுவதும் ஆபத்து. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். முதலில் டிடிரெஸ்க்யூ மாதிரி ஒன்றால் முழு நகல் எடுத்து, நகலில்தான் கைவைக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்த மெஷினுக்கும் இதே விதி: ஹேர் டிரையர் வேண்டாம், ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம்.

சரி, வைரஸுக்கு வருவோம். ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். போச்சு என்று ஃபார்மேட் அடிப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், வைரஸ் அவற்றை மறைத்து மட்டும் வைத்திருக்கும். ஷார்ட்கட்டை கிளிக் செய்யாமல், மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி செட்டிங்கை மாற்றினால் தெரிந்துவிடும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு அப்புறம் ஃபார்மேட் செய்யுங்கள்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அவ்வளவு எளிதல்ல. முதலில் நெட்டைத் துண்டியுங்கள், வெளி டிஸ்க்கைக் கழற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்ய அவசரப்படாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, பூட்டுக்கான எண்கள் சில பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் மெமரியில் தங்கியிருந்தன. ரீஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தவர்களுக்கே அவற்றைக் கொண்டு மீட்கும் வாய்ப்பு இருந்தது. பூட்டப்பட்ட ஃபைல்களையும் பணம் கேட்கும் குறிப்பையும் அழிக்காமல் தனி டிஸ்க்கில் வையுங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாதது பிறகு வரலாம். பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புகார் கொடுக்க 1930 எண் இருக்கிறது, நகரின் சைபர் கிரைம் போலீஸ் நிலையங்களும் இருக்கின்றன.

கிளவுடில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே கிளவுடிலும் மாற்றிக்கொண்டே வரும் சிங்க் என்பது பேக்கப் ஆகாது. இங்கே ஃபைல் பூட்டப்பட்டால் அந்தப் பூட்டிய பதிப்பே மேலேயும் ஏறும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி சில நாட்களுக்குத்தான், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டிக்கே 30 நாள் கணக்கு.

கடையிலிருந்து திரும்பும்போது "ரெக்கவர் ஆயிடுச்சு" என்று ஃபைல் பெயர்களின் பட்டியலைக் காட்டுவார்கள். பெயர் வந்ததாலேயே உள்ளே இருப்பது சரியாக வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து பத்துப் பதினைந்து போட்டோ, நாலைந்து எக்செல், ஒரு பெரிய வீடியோ என்று திறந்து பாருங்கள். வீடியோவைப் பாதிவரை நகர்த்தியும் பாருங்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.