இளம் கூடைப்பந்து ஆட்டக்காரரைக் களமிறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறமையான ஒரு பதினாறு வயதுப் பையன் அணிக்குள் வந்துவிட்டால், கோச்சைச் சுற்றி இரண்டு குரல்கள் எழும். "ஆடினால்தானே கற்றுக்கொள்வான், உடனே இறக்குங்கள்" என்பது ஒன்று. "இன்னும் பக்குவம் வரவில்லை, ஒரு வருடம் உட்காரட்டும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒருநாள் இருபது நிமிடம், அடுத்த நாள் இரண்டு நிமிடம் என்று அவன் நிமிடங்கள் நிலையில்லாமல் ஆடுவதுதான் அதிகம் கெடுக்கிறது என்பேன்.

இதில் முதன்மையான தவறு, பிழை செய்தவுடன் வெளியே இழுப்பது. ஒரு பாஸ் பறிபோகிறது. உடனே சப்ஸ்டிட்யூட் எழுந்து நிற்கிறான். இது நாலு முறை நடந்தால் போதும், அப்புறம் அந்தப் பையனைக் கவனித்துப் பாருங்கள். ஷாட் தவறியதும் அவன் கழுத்து பெஞ்ச் பக்கம் திரும்பும். அந்த அரை நொடியில் அவன் காக்க வேண்டிய ஆள் எதிர்ப்பக்கம் ஓடிப்போயிருப்பான். அடுத்த முறை பந்து கைக்கு வந்தால் துணிந்து எதையும் செய்ய மாட்டான், பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான். "பயப்படாமல் ஆடு" என்று சொல்லிவிட்டு, பயப்படக் காரணத்தையும் நாமே கொடுக்கிறோம்.

ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. "இரண்டாவது குவார்ட்டரின் (ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதி) முதல் ஐந்து நிமிடம் உன்னுடையது. பந்தை விட்டாலும் உன்னை வெளியே எடுக்க மாட்டேன். ஆனால் டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடாமல் நின்றால் எடுத்துவிடுவேன்." கற்றுக்கொள்ளும்போது வரும் பிழைக்கும் சோம்பலுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு இதிலேயே புரிந்துவிடும். சொன்ன ஐந்து நிமிடத்தை, அணி பின்தங்கினாலும், கொடுத்தே ஆக வேண்டும். அங்கேதான் கோச்சின் வார்த்தைக்குச் சோதனை.

அடுத்தது, முடிவு தெரிந்துபோன ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை மட்டும் கொடுப்பது. இருபத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் யாரும் வகுத்த ஆட்டத்தை ஆடுவதில்லை. ஆளாளுக்கு ஷாட் அடிப்பார்கள், டிஃபென்ஸ் தளர்ந்திருக்கும். அங்கே அவன் கற்றுக்கொள்வது பெரும்பாலும் கெட்ட பழக்கம். கூடவே ஆடுபவர்களும் அவனைப் போலப் புதியவர்களாக இருந்தால் இன்னும் மோசம். ஆட்டம் சூடாக இருக்கும்போது, பந்தைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரிந்த ஒரு மூத்த கார்டுடன் (பந்தை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) நாலு நிமிடம் ஆடுவது அதைவிட எவ்வளவோ மேல்.

லெப்ரான் ஜேம்ஸை அளவுகோலாக வைக்காதீர்கள். 2003இல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்கு (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வந்தவர், 48 நிமிட ஆட்டத்தில் முதல் பருவத்திலேயே சராசரியாக 39.5 நிமிடம் ஆடினார். அது விதிவிலக்கு. அதே போலப் பள்ளியிலிருந்து 1996இல் வந்த கோபி பிரையன்ட் முதல் பருவத்தில் ஆடியது சராசரியாக 15.5 நிமிடம்தான். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், யூட்டா அணிக்கு எதிராக, முக்கியமான ஷாட்களை எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. நான்கு ஷாட்கள் வளையத்தைக்கூடத் தொடவில்லை. அணி வெளியேறியது. அதற்காக அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அவர் நிமிடங்கள் 26ஆக உயர்ந்தன. எனக்கு இதுதான் சரியான படிப்பினையாகத் தெரிகிறது: தொடக்கம் அளவாக இருந்தது, ஒரு தோல்வி அதைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

அளவுக்கு மீறிக் காத்திருப்பதும் தவறுதான். அதே 1996இல் வந்த ஜெர்மெய்ன் ஓ'நீல், போர்ட்லாண்ட் அணியில் இருந்த நான்கு பருவங்களில் எதிலும் சராசரி 15 நிமிடத்தை எட்டவில்லை. அவருக்கு முன்னால் அனுபவசாலிகள் வரிசையாக நின்றார்கள். 2000இல் இந்தியானா அணிக்கு மாறியதும் 30 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 2002இலிருந்து தொடர்ந்து ஆறு முறை ஆல்ஸ்டார் (பருவத்தின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார்.

உடம்பைப் பற்றியும் ஒன்று. வேகமாக உயரம் கூடும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலி வருவது சகஜம். பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுகிறவனுக்கு இரண்டு இடத்து நிமிடங்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். களைப்பு முதலில் காலில் தெரியும். ஸ்கிரீனை (வழிமறித்து நிற்கும் எதிரணி ஆள்) சுற்றி வர ஒரு அடி தாமதமாகும், கால் போகாத இடத்துக்குக் கை போகும், பவுல் விழும். இரண்டு நிமிடத்தில் அப்படி இரண்டு பவுல் வந்தால் திட்ட வேண்டாம், தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். பத்து வயதுக் குழந்தைகள் என்றால் இந்த விவாதமே தேவையில்லை, எல்லோருக்கும் சமமாக நேரம் கொடுத்துவிடுங்கள்.

சரி, எப்போது நிமிடத்தைக் கூட்டுவது? புள்ளிகளைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். ஒரு நல்ல மாலையில் யாருக்கும் பந்து விழும். பந்து தன்னிடம் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான், ஸ்கிரீன் வருவதைக் கூவிச் சொல்கிறானா, ஷாட் போனதும் தன் ஆளைத் தடுத்துப் பிடித்துக்கொள்கிறானா என்று பாருங்கள். மூன்று நாலு ஆட்டங்களில் இது தொடர்ந்து தெரிந்தால் மூன்று நிமிடம் கூட்டுங்கள். அதில் ஒரு நிமிடமாவது, நெருக்கமான ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரில் இருக்கட்டும்.