ஐப்பசித் தண்ணீரில் கெண்டைக்கு இரை: புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் தண்ணீரின் குணமே மாறிவிடும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீரோடு இப்போது வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாமே கலங்கி ஓடும். கோடையில் தெளிந்த மடுவில் கெண்டை இரையைப் பார்த்து வரும். கலங்கல் தண்ணீரில் மோப்பத்தை வைத்துத்தான் தேடி வரும். இந்த மாதங்களில் இரை தேர்வு முழுக்க இதைப் பொறுத்ததுதான்.

முதலில் எந்தக் கெண்டை என்று முடிவு செய்யுங்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்காலும் சாதாக்கெண்டையும் தரையில். ஆரம்பத்தில் தரையில் மேயும் இந்த இரண்டையும் குறிவைப்பது நல்லது. சாதாக்கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு. அதை வைத்துச் சேற்றைத் துழாவித் தின்னும். கலங்கல் அதற்கு ஒரு தடையே இல்லை.

அடுத்தது இடம். ஆற்றின் நடு இழுப்பில் தூண்டிலைப் போட்டால் இரை நிற்காது, மீனும் நிற்காது. வளைவின் உள்பக்கம், நாணல் ஓரம், வயல் வடிகால் வந்து விழும் வாய் ஆகியவற்றைப் பாருங்கள். மழை பெய்ததும் வயலிலிருந்து புழுவும் பூச்சியும் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு வரும், கெண்டை அங்கே காத்திருக்கும். ஊர்க்குளம் என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். கொள்ளிடத்தில் மணல் திட்டுக்கு மட்டும் இந்த மாதங்களில் போகவே போகாதீர்கள். மேலே உபரி நீர் திறந்துவிட்டால் நீங்கள் கரை ஏறுவதற்குள் தண்ணீர் சுற்றிவிடும்.

சரி, மீனை வரவழைக்கும் தீனிக்கு வருவோம். கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, அரிசித் தவிடு இரண்டு பங்கு. புண்ணாக்கை முதல் நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் அது பொதபொதவென்று உப்பி, லேசான புளிப்பு வாடையோடு இருக்கும். அதில் தவிட்டைக் கொட்டிப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உதிர வேண்டும். அதுதான் பதம். குளத்துக்கு இது போதும். ஓடும் ஆற்றுக்கு ஒரு கைப்பிடி களிமண் சேர்த்து இறுக்கிப் பிசையுங்கள். இல்லையென்றால் உருண்டை தரையைத் தொடும் முன்பே கரைந்து அடுத்த ஊருக்குப் போய்விடும்.

எலுமிச்சம்பழ அளவில் நான்கைந்து உருண்டைகளை ஒரே இடத்தில் போடுங்கள். அப்புறம் அரை மணிக்கு ஒன்று போதும். நான் பழகிய புதிதில் ஒரு வாளி தீனியையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குமிழி குமிழியாகக் கிளம்பியது, மீன் வந்தது நன்றாகத் தெரிந்தது. மதியம் வரை ஒன்றுகூடத் தூண்டில் முள்ளைத் தொடவில்லை. வயிறு நிறைந்த மீனுக்கு உங்கள் இரை எதற்கு? வாசனை காட்டிப் பசியைக் கிளப்பினால் போதும்.

முள்ளில் கோக்க மண்புழு, மாவு இரண்டையும் எடுத்துப் போங்கள். புதுமழை பெய்த அன்று மண்புழுவை மிஞ்ச ஒன்றுமில்லை, மீன் அன்று தேடுவதே அதைத்தான். ஆனால் கெளுத்தியும் அதற்கு ஓடி வரும். கெளுத்தியின் துடுப்பு முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், கழற்றும்போது துணியால் பிடியுங்கள். கெளுத்தித் தொல்லை தாங்கவில்லையென்றால் மாவுக்கு மாறிவிடுங்கள்.

மாவுக்கு ஒரு கை கோதுமை மாவு, அதில் பாதி அளவு பொடித்த புண்ணாக்கு, சிறிது வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம். வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் பசை ஏறும். கடைசியில் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசையுங்கள், இழுப்பில் மாவு முள்ளை விட்டுக் கழலாது. வாசனைக்காக எசன்ஸ் பாட்டிலைக் கவிழ்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தீனியில் உள்ள அதே புண்ணாக்கு முள்ளிலும் மணக்க வேண்டும், அவ்வளவுதான். சுண்டைக்காய் அளவு உருட்டி, முள்ளின் நுனி மட்டும் லேசாகத் தட்டுப்படும்படி வையுங்கள்.

கோடையில் விடியற்காலை நல்ல நேரம். மழை நாளில் அவசரம் வேண்டாம். இரவெல்லாம் பெய்து தண்ணீர் குளிர்ந்திருந்தால், வெயில் எட்டிப் பார்த்த பிறகு உட்காருங்கள். எனக்குப் பத்து மணிக்கு மேல்தான் கொத்து கிடைத்திருக்கிறது.

இரை தரையைத் தொட்டுக் கிடக்கும்படி தக்கையை ஏற்றிக் கட்டுங்கள். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை முதலில் தண்ணீரில் ஊசி குத்துவதுபோல் துடிக்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை ஒரு பக்கமாக நகர்ந்து அமுங்கினாலோ, நிமிர்ந்து நின்றது திடீரென்று படுத்துவிட்டாலோ, மீன் இரையை வாயில் வைத்துத் தலையைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள்.