கருக்கலில் பன்றி வேட்டைக்கு ஸ்கோப் வாங்குவது எப்படி

ஜெர்மனியில் வேட்டை உரிமம் எடுத்துவிட்டு முதல் ஸ்கோப்புக்காக, அதாவது துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிக்காக, கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, அங்கே இதற்கு வேலை இல்லை.) ஜெர்மன் சட்டப்படி சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்தால் அது இரவுக் கணக்கு, அதன்பிறகு மான் வகைகளைச் சுடக்கூடாது, காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் பன்றிக்காகப் பரண் ஏறுகிறவருக்கு வேலை தொடங்குவதே வெளிச்சம் போகிற நேரத்தில்தான்.

ஸ்கோப்புக்குள் குறிபார்க்கத் தெரியும் கோடுகளைக் குறிக்கம்பி என்போம், அதன் நடுவே பேட்டரியில் ஒளிரும் சிவப்புப் புள்ளி வைத்த ஸ்கோப்பைத்தான் பலரும் தேடுகிறார்கள். இந்தப் புள்ளி எதிரே இருப்பதைத் துளிகூட வெளிச்சமாக்காது. கறுத்த பன்றியின் மேல் கறுப்புக் குறிக்கம்பி கரைந்துபோகும் இல்லையா, அப்போது குறி எங்கே நிற்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். பன்றியே தெரியாத கண்ணாடியில் புள்ளி எத்தனை அழகாக மின்னினாலும் பயனில்லை. ஆகவே முதலில் கண்ணாடி, அப்புறம் புள்ளி.

முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 8x56 என்றால், அதாவது 8 மடங்கு உருப்பெருக்கமும் 56 மி.மீ. லென்ஸும் என்றால், 7 மி.மீ., அதுதான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். இருட்டில் இளவயதுக் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும், ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5 மி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும், அப்படிப்பட்டவர் 56 லென்ஸின் எடையைச் சுமப்பதைவிட 50 லென்ஸில் 8 அல்லது 10 மடங்கு வைத்துக்கொண்டாலே போதும். விளம்பரத்தில் அந்திக் காரணி என்று ஒரு எண் போடுவார்கள், விட்டத்தையும் மடங்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது, 8x56க்கு 21.2 வரும். கண்ணாடியின் தரமோ பூச்சின் தரமோ அந்தக் கணக்கில் வரவே வராது, மட்டமான ஸ்கோப்புக்கும் அதே 21.2தான். நான் அதைப் பார்ப்பதே இல்லை.

காசு குறைவா? மடங்கை 3இலிருந்து 12 வரை மாற்றக்கூடிய புத்தம் புதிய மலிவு 3-12x56ஐ விட, ஷ்மிட் அண்ட் பெண்டர், ஸைஸ், ஸ்வரோவ்ஸ்கி மாதிரியான தயாரிப்பில் மடங்கு மாறாத பழைய 8x56 ஒன்று கிடைத்தால் அதையே எடுப்பேன்.

கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும், அங்கே எதையும் முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் போய், கடைக்காரரிடம் கேட்டு வெளியே எடுத்து வந்து, மரநிழல் அடர்ந்த ஓர் இடத்தை இரண்டு ஸ்கோப்பில் ஒரே மடங்கு வைத்து மாறி மாறிப் பாருங்கள். நன்றாக இருட்டியபின் புள்ளியை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பலர் எவ்வளவு பிரகாசமாகப் போகும் என்றே கேட்கிறார்கள், இரவுக்கு வேண்டியது எவ்வளவு மங்கலாகப் போகும் என்பது. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், கூசுகிற புள்ளி அதைக் கெடுத்துவிடும். புள்ளியைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலோ குழாயின் உள்சுவரில் மினுமினுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டப்பகலில் ஆட்கள் விரட்டிவர ஓடும் பன்றியைச் சுடுவதற்கு மட்டும் கதை தலைகீழ், அதற்கு 1-6x24 மாதிரி ஒன்றும் வெயிலிலும் பளிச்சென்று தெரியும் புள்ளியும் வேண்டும்.

குறிக்கம்பியில் 4ஆம் எண் வகையே எனக்குப் பிடித்தது. மூன்று பக்கம் தடித்த கம்பி இருப்பதால் பேட்டரி செத்தாலும் நடு எது என்று கண் பிடித்துக்கொள்ளும். மடங்கு கூட்டும்போது கம்பியும் சேர்ந்து தடிக்கிற வகை ஒன்று உண்டு, தூரத்துப் பன்றியை அது நிறையவே மறைக்கும், தடிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புள்ளிக்கான பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ வகை, எங்கும் கிடைக்கும். துப்பாக்கியைச் சாய்த்து வைத்தால் தானே அணையும் வசதியோ, ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் அணைக்கும் நிலையோ இருந்தால் நல்லது. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும், மாற்று ஒன்றைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள்.

56 லென்ஸ் துப்பாக்கிக் குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பை உயரமாகப் பொருத்த வேண்டியிருக்கும், அப்போது கன்னம் கட்டையில் படியாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் துப்பாக்கியிலேயே வைத்துத் தோளில் ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு நல்ல பைனாகுலருக்கும் காசு ஒதுக்குங்கள். வந்திருப்பது குட்டிகளோடு திரியும் தாயா, அதைச் சுடக்கூடாதே, என்று தேடிப் பார்க்க வேண்டியது பைனாகுலரில், குண்டு போட்ட துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஸ்கோப்பில் தேடக்கூடாது.