அங்கோர் வாட்டில் கோபுரம் வரையாமல் இருப்பது எப்படி

நான் கும்பகோணத்துக்காரி, பள்ளியில் டிராயிங் டீச்சர். சாரங்கபாணி கோவில் கோபுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கம்போடியாவில் என் காலை வாரியது அந்தப் பழக்கம்தான். அரையாண்டு விடுமுறையில் அங்கோர் வாட் கோவிலை வரைய அதன் பக்கத்து ஊரான சியெம் ரீப் போய், முதல் நாள் வரைந்த நான்கு படங்களையும் ராத்திரி கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். நான்கிலும் நின்றது நம்மூர்க் கோபுரம். அகலமான அடி, நேர்க்கோட்டில் உள்ளே சாயும் ஓரங்கள், மேலே கலசம் ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் டுக்டுக் ஓட்டியவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். அவரை 'போங்' என்று கூப்பிட்டேன். அங்கே மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் சிரித்துவிட்டு வண்டியில் ஒட்டியிருந்த அவர்கள் நாட்டுக் கொடியைத் தொட்டுக் காட்டினார். கொடி நடுவில் அங்கோர் வாட், மூன்று கோபுரங்களோடு. பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிறவர் கண்ணை ஏமாற்ற முடியுமா?

அளவிலிருந்து தொடங்குங்கள். நடுக்கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர். நம் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதைச் சுற்றி, சிற்பங்கள் உள்ள வெளித் திருச்சுற்றின் முகப்பு மட்டும் 187 மீட்டர் அகலம். அதனால் தாளில் முதலில் மூன்று பங்கு அகலம், ஒரு பங்கு உயரம் வைத்து ஒரு பெட்டி போடுங்கள். கோபுரங்கள் பின்னால் தள்ளி இருப்பதால் கண்ணுக்கு இன்னும் குட்டையாகவே தெரியும். தாளைக் கட்டாயம் படுக்கையாகப் பிடியுங்கள். நான் முதல் நாள் நிமிர்த்திப் பிடித்தேன், அங்கேயே பாதி கெட்டது.

அடுத்து கோபுரத்தின் ஓரம். அது தாமரை மொட்டு மாதிரி வயிறு புடைத்து, உச்சியில் வளைந்து கூடும். கோபுரத்தை வரையாமல் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவத்தை வரையுங்கள். வானத்துக்கு நம் கை எந்தப் பழக்கத்தையும் வைத்திருக்கவில்லை, அதனால் கண் பார்த்ததைத்தான் வரையும். நேர் நடுப்பாதையில் நின்றால் மூன்று கோபுரம்தான் தெரியும். ஐந்தும் வேண்டுமென்றால் இடப்பக்கம் இறங்கி வடக்குக் குளத்தருகே போங்கள்.

எல்லோரும் விடியற்காலை ஐந்து மணிக்கே அந்தக் குளக்கரையை அடைத்துக்கொள்கிறார்கள். கோவில் மேற்கு பார்த்தது. சூரியன் பின்னாலிருந்து வரும்போது முன்பக்கம் வெறும் கறுப்பு நிழல்தான். பேனாவில் ஐந்து நிமிடத்தில் ஒரு நிழலுருவம் போட அது நல்ல நேரம், அதற்கு மேல் பிரயோசனமில்லை. கல்லில் வெயில் விழுந்து செதுக்கல் தெரிய வேண்டுமென்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். கூட்டமும் குறைவு. ஆனால் டிசம்பர் வெயிலில் வாட்டர்கலர் பரவுவதற்குள் காய்ந்துவிடும். தாளை முதலில் நனைத்துவிட்டு, பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் போடுங்கள். கல்லுக்குக் கடையில் விற்கும் சாம்பல் நிறம் வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமெரின் என்ற நீலமும் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும்.

பையில் என்ன வைப்பது? பென்சில் சீவ நான் எப்போதும் பிளேடுதான் வைத்திருப்பேன். விமான நிலையச் சோதனையில் அது போனது, போகத்தான் செய்யும். பென்சில்களை வீட்டிலேயே நீளமாகச் சீவிக்கொண்டு, முனை தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள் போதும். மை ஊற்றும் பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ எடுத்துச் செல்லுங்கள். பாதி இருந்தால் மேலே காற்றழுத்தம் மாறும்போது கக்கிவிடும்.

எனக்கு மிகவும் உதவியது பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட். விளையாட்டில்லை. மணற்கல் சிற்பத்தின் நடுநிறம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. நிழலுக்கு ஒரு 4பி பென்சில், வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைப் பென்சில், வேலை முடிந்தது. 1906-இல் கம்போடிய நாட்டியப் பெண்களை பிரான்சின் மார்செய் நகரம் வரை தொடர்ந்து போய் வரைந்த பிரெஞ்சுச் சிற்பி ரோடான், தாள் தீர்ந்தபோது மளிகைக் கடைத் தாளில் வரைந்தார் என்று சொல்வார்கள். அதைவிட பிரவுன் ஷீட் ஒரு படி மேல்தான்.

அந்தத் தாளோடு நேரே கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதிக்குப் போங்கள், அதுவும் காலையில். தூண்களுக்கு நடுவே வெளிச்சம் உள்ளே விழும். சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். நடுவில் திருமால், ஒருபக்கம் அசுரர், மறுபக்கம் தேவர். கதை நமக்குத் தெரியும் என்பதே இங்கே ஆபத்து, முழுவதையும் வரையக் கை பரபரக்கும். ஒரே ஒரு அசுரனை எடுத்துக்கொள்ளுங்கள். வாசுகியைப் பிடித்த கை, மடங்கிய முழங்கால், பின்னால் சாயும் உடம்பு. அவனை ஒழுங்காக வரைந்துவிட்டால் மற்றவர்களுக்கு வெளிக்கோடு மட்டும் போதும். நான் ஒருவனுக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். கல்லின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்; தொடவே கூடாது.

பக்கத்தில், மரவேர்கள் சுவரைப் பிடித்திருக்கும் தா ப்ரோம் கோவிலில் வேரை வரையாதீர்கள், வேர்களுக்கு நடுவே தெரியும் சுவரை வரையுங்கள், வேர் தானே வந்துவிடும். அங்கே நிழல் அதிகம், வண்ணம் காய நேரமாகும். பாயோன் கோவிலின் பெரிய கல்முகங்களில் கற்களின் இணைப்புக் கோட்டை விட்டுவிட்டால் சினிமா கட்அவுட் மாதிரி ஆகிவிடும்.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் போனபோது ஒரு நாளுக்கு 37 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர்தான். அந்த ஏழு நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, ஒரு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வரைகிறவர்களுக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. ஒரு நாள் வரைந்தால் மறுநாள் அறையில் உட்கார்ந்து பிழை பார்த்தேன்.

திரும்பும்போது வெள்ளைப் பென்சில் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். நான் மூன்றுக்கு வைத்தேன், நான்காவதற்கு மறந்துவிட்டேன். என் அசுரனின் மூக்கு இப்போது பக்கத்துத் தாளில் இருக்கிறது.