காயமுற்ற சுண்டெலி நுரையீரலும் செல்வெளி நுண்குமிழ்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயமுற்ற நுரையீரலில் ஒரு மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் உருவாக்க அம்மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் செய்தி) பன்மடங்கு உயர்ந்திருப்பதைக் கண்டவுடன், அங்கிருந்த செல்களே அம்மரபணுவை இயக்கின என்று முடிவுகட்டுவது பலரும் செய்யும் முதல் தவறு. பாக்டீரியாவின் எல்பிஎஸ் நச்சை மூச்சுக்குழாயில் செலுத்தினால், ஒரே நாளுக்குள் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் நுரையீரலில் திரண்டுவிடுகின்றன. அவை சுமந்துவரும் எஸ்100ஏ8 என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ, மொத்தத் திசுவை அளக்கும்போது பேரேற்றமாகத் தெரியும். காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் பூச்சின் பகுதியான சர்பாக்டன்ட் புரதம் சி-யின் எம்ஆர்என்ஏ சரிவும் அவ்வாறே: இரண்டாம் வகை காற்றறைச் செல்கள் அதை அடக்கியிருக்கலாம், அல்லது அச்செல்களே மடிந்திருக்கலாம். செல் வகைகளைப் பிரித்து அளந்தால்தான் இது தெளிவாகும். ஆனால் 37 டிகிரியில் நொதியிட்டுத் திசுவைக் கரைக்கும்போதே ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்கள் தூண்டப்படுவதால், அவற்றைக் காயத்தின் விளைவாக எண்ணிவிடக் கூடாது.

செல்வெளி நுண்குமிழ்களை, அதாவது ஆர்என்ஏவையும் புரதத்தையும் சுமந்தபடி செல்கள் வெளியிடும் நுண்ணிய சவ்வுப் பைகளை, பிரித்தெடுப்பதில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. நுரையீரலை அரைத்தால் செல்லுக்குள் இருந்த சவ்வுத் துண்டுகளும் வெளியேறிக் கலந்துவிடும். ஆகவே காற்றறைகளைக் கழுவியெடுத்த நீரே பெரும்பாலும் நம்பகமான தொடக்கம். புவியீர்ப்பைப் போல் 1,00,000 மடங்கு விசையில் சுழற்றிப் படியவைத்தாலும், புரதத் திரள்களும் லிப்போபுரதங்களும் உடன் படிகின்றன. நுண்குமிழ்களின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 ஆகியவை இருப்பதைக் காட்டுவதோடு, கால்நெக்சின் போன்ற உட்செல் புரதங்கள் இல்லாததையும் காட்ட வேண்டும். செல் வளர்ப்புக்கு ஊற்றும் கன்றுச் சீரத்திலும் மாட்டின் நுண்குமிழ்கள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நுண்குமிழ்களின் சவ்வில் ஏற்றி ஒளிரவைக்கும் பிகேஹெச் சாயமோ நுண்குமிழ் அளவிலேயே தானாகத் திரளக்கூடியது. எனவே சாயம் மட்டும் இட்ட ஒப்பீட்டு மாதிரி இல்லாமல், ஒளிரும் புள்ளியை உள்ளேறிய நுண்குமிழ் என்று சொல்வதற்கில்லை.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, வந்து சேர்ந்த ஆர்என்ஏவையும் புதிதாக உருவான ஆர்என்ஏவையும் ஒன்றாகக் கொள்வது. நுரையீரல் நுண்குமிழ்களை ஏற்ற எலும்பு மஜ்ஜைச் செல்களில் சர்பாக்டன்ட் எம்ஆர்என்ஏ தென்படுவது உண்மை. அது சுமந்துவரப்பட்டதா, பெற்ற செல்லே படியெடுத்ததா? எலியின் நுரையீரலையும் சுண்டெலியின் மஜ்ஜையையும் சேர்த்து வளர்த்து, இரு இனங்களின் வரிசை வேறுபாட்டைக் கொண்டு அளந்தபோது, இரண்டுமே நிகழ்வது தெரிந்தது. இத்தகைய வடிவமைப்பு இல்லாத ஆய்வில் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. எம்ஆர்என்ஏ தென்பட்டதாலேயே அம்மஜ்ஜைச் செல் நுரையீரல் செல்லாகிவிட்டது என்று கூறுவதும் பிழையே. அதற்குப் புரதமும் செயலும் நிறுவப்பட வேண்டும்.

புள்ளியியலில், ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்த ஆயிரம் செல்களும் ஒற்றை மாதிரியாகவே கணக்கில் சேரும்; எண்ணிக்கைக்கு வர வேண்டியவை விலங்குகளே.