பென்சிலை வைத்துவிட்டு ஸ்டைலஸை எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

காகிதத்தில் நன்றாகக் கை பழகியவர்கள், ஸ்டைலஸ் என்னும் மின்பேனாவைப் பிடித்து டிஜிட்டலுக்கு மாறும்போது தடுமாறுகிற இடங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. ஓவியம் கற்க வருகிறவர்களும், முதல் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு ஆலோசனை கேட்டு அழைப்பவர்களும் காட்டுகிற கோப்புகளில், நானும் என் வயதொத்த ஓவியர்களும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்களைத்தான் பார்க்கிறேன். கோப்பைச் சேமிக்க மறப்பது, தவறான லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்) வரைந்துவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் தாமாகவே சரியாகிவிடும். பணத்தையும் உழைப்பையும் தின்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கைபேசிப் படத்தின் மேல் கோடிழுப்பது

பென்சில் ஸ்கெட்சைக் காகிதத்தில் போட்டு, அதன் மேல் திரையில் கோடிழுத்து முடிப்பது நல்ல வழிதான். ஆனால் மேசையில் கிடக்கும் தாளைக் கைபேசியைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால், தாளின் மேல் விளிம்பு குறுகி, நமக்கு அருகிலுள்ள விளிம்பு அகன்றுவிடும். நின்றுகொண்டிருக்கும் உருவத்துக்குத் தலை சிறுத்துக் கால் பெருத்துவிடும். அந்தக் கோணலின் மேலேயே கோடிழுத்து முடித்த பிறகு, தன் உடலமைப்புப் பயிற்சி போதவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஜெராக்ஸ் கடையிலாவது கொடுத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து வாங்குங்கள். சிறிய படமென்றால் 600. கறுப்பு வெள்ளை ஆவணமாக ஸ்கேன் செய்தால் மெல்லிய பென்சில் கோடுகள் மறைந்துவிடும் என்பதால், கிரே அல்லது கலர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

முட்டையாகும் வட்டம்

கணினியோடு இணைத்து, திரையைப் பார்த்தபடி வரையும் திரையில்லாத டேப்லெட் பல 16:10 விகிதத்திலும், கணினித் திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதத்திலும் இருக்கின்றன. டேப்லெட்டின் முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு ஒதுக்கிவிட்டால், கை சரியாகப் போட்ட வட்டம் திரையில் சுமார் 11 விழுக்காடு அகன்று நிற்கும். டேப்லெட்டின் டிரைவர் மென்பொருள் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் தேர்வு ஒன்று இருக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

கேன்வாஸின் அளவு

இதை நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்குச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்கு வரையும் வாய்ப்பு வந்தது. எட்டரை அங்குலச் சதுரப் புத்தகம், 24 பக்கங்கள். தாளில் அவர் போட்ட ஸ்கெட்சுகள் அருமையானவை. ஆனால் அதுவரை இன்ஸ்டாகிராமுக்கே வரைந்து பழகியிருந்ததால், அதே 1080 × 1080 பிக்சல் கேன்வாஸில் எல்லாப் பக்கங்களையும் வண்ணம் வரை முடித்துவிட்டார். படம் சிறிதாக இருக்கிறது, 300 டிபிஐ வேண்டும் என்று பதிப்பகத்திலிருந்து சொன்னதும், கோப்பைத் திறந்து 72 என்றிருந்த கட்டத்தில் 300 என்று தட்டி மறுபடியும் அனுப்பினார். பிறகு என்னை அழைத்தார்: "அண்ணா, 300 ஆக்கிட்டேனே, இன்னும் ஏன் சின்னதா இருக்குங்கறாங்க?"

அந்தக் கட்டத்தில் எண்ணை மாற்றுவதால் மட்டும் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடாது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்களை அடுக்கி அச்சிடுவது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1080 பிக்சலை அங்குலத்துக்கு 300 வீதம் அடுக்கினால் 3.6 அங்குலம் வரும். எட்டரை அங்குலப் புத்தகத்தில் அது பாதிப் பக்கம்கூட இல்லை. வெட்டுவதற்காக நாற்புறமும் விடும் 3 மில்லிமீட்டர் ப்ளீடையும் சேர்த்தால், அந்தப் பக்கத்துக்குச் சுமார் 2620 × 2620 பிக்சல் தேவை. மென்பொருளைக் கொண்டு 1080ஐ 2620 ஆக இழுக்கலாம், ஆனால் அப்படி இழுத்த படத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு பிக்சல்கள் ஓவியர் வரையாதவை. அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து மென்பொருள் உத்தேசமாக இட்டு நிரப்பியவை. மாவைக் கூட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றி நாலு தோசையை இருபத்து நாலாக்குகிற வேலை அது.

இழுத்து எடுத்த மாதிரி அச்சை நானும் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பாட்டி ஊசியில் நூல் கோக்கிறாள். கைபேசியில் மயிரிழையாக நின்ற அந்த நூல், தாளில் சாம்பல் நிறத் தீற்றலாகிவிட்டது. ஊசி எங்கே முடிகிறது, நூல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்தப் படங்களைப் பெரிய கேன்வாஸில் மங்கலாக அடியில் வைத்து, 24 பக்கங்களுக்கும் அவர் புதிதாகக் கோடிழுத்தார். அதற்காகச் சம்பளம் கூடவில்லை, கெடுவும் நகரவில்லை.

காகிதத்தில் வரைகிறவருக்கு இது நேராமல் போவதற்குக் காரணம், தாளின் அளவு எப்போதும் கண்முன் இருப்பதுதான். அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து, சுருக்கி அச்சிடுவது பத்திரிகை ஓவியத்தில் பழைய வழக்கம். திரைக்கு வந்ததும் விரலால் விரித்தால் படம் பெரிதாகிவிடுவதால், இருக்கும் இடம் முழுவதும் தாள்தான் என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

ஆகவே ஸ்டைலஸைத் தொடுமுன் அச்சாகும் அளவைக் கேட்டு வாங்குங்கள். ப்ளீடையும் சேர்த்து, அங்குலக் கணக்கை 300ஆல் பெருக்குங்கள். ஏ4 தாளுக்கு, ப்ளீட் இல்லாமலே, 2480 × 3508 வரும். வெறும் கறுப்புக் கோட்டுப் படமென்றால் 600ஆல் பெருக்குவது நல்லது. தொலைவிலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு இவ்வளவு தேவையில்லை. எவ்வளவு வேண்டும் என்பதை அச்சிடுபவரே சொல்வார். ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர்களின் உச்ச எண்ணிக்கை குறையும். அதைக் கண்டு பயந்து கேன்வாஸைச் சுருக்குகிறவர்கள் பலர். அளவைக் குறைக்காமல், முடிந்த லேயர்களை ஒன்றோடொன்று சேர்த்து இடம் பண்ணிக்கொள்ளுங்கள். "இணையத்துக்கு மட்டும்தான்" என்று சொல்லி வாங்கிய படத்தை நாலு மாதம் கழித்துச் சுவரொட்டிக்குக் கேட்பார்கள் என்பதால், அப்போதும் பெரிதாகவே வரையுங்கள். ஏஐ பெரிதாக்கிக் கொடுத்துவிடுமே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அது புதிதாக உருவாக்கிக் கொடுக்கும் கோடு உங்கள் கையிலிருந்து வந்த கோடு அல்ல.

பிரஷ் சேகரிப்பு

மூன்று போதும்.

ஸ்டெபிலைசர்

கை நடுக்கத்தைச் சமன் செய்து கோட்டை வழவழப்பாக்கும் இந்த வசதியை அதிகம் ஏற்றினால் எல்லார் கோடும் ஒரே கோடாகத் தெரியும்.

திரை காட்டும் நிறத்தை நம்புவது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மைகளால் காட்டுகிறது. பளீரென்ற கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் திரையின் ஆர்ஜிபி முறையில் வரும், அச்சின் சிஎம்ஒய்கே முறையில் மங்கிவிடும். நிறங்களை முடிவு செய்யுமுன் ஒரு பக்கத்தையாவது சிஎம்ஒய்கேக்கு மாற்றிப் பாருங்கள், திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவைத்துக்கொண்டு வரையுங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் கறுப்புக் கோட்டில் இருக்கிறது. ஆர்ஜிபியில் வரைந்த கறுப்பை அப்படியே மாற்றினால் அது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடும். ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட்டில் ஒரு பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். கோட்டு லேயர் தனியாக இருந்தால், டிடிபி (கணினியில் பக்கங்களை அமைக்கும் வேலை) செய்பவர் அதைக் கறுப்பு மையில் மட்டும் வைத்துக்கொடுக்க முடியும். எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி ஜேபெக்காகக் கொடுத்துவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது. லேயர் பிரிந்த கோப்பையே அனுப்புங்கள், பிரதி ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.