தீய பேக்லிங்க்குகளை நீக்குதல்: டிஸ்அவோ கோப்பில் கவனிக்க வேண்டியவை

என் தளத்திற்கு நான் அமர்த்தியிருந்த ஒரு நிறுவனம் பிற தளங்களிலிருந்து என் தளத்தைச் சுட்டும் இணைப்புகளை (பேக்லிங்க்குகளை) விலைக்கு வாங்கிக் குவித்ததால், தேடலில் முன்னே நின்ற என் பக்கங்கள் பின்னுக்குப் போயின. அவற்றை மீட்ட வழியை எழுதுகிறேன். உங்கள் தளம் கூகுள் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி) ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும் என்று கொள்கிறேன்.

முதலில் அங்குள்ள ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள்; கூகுளின் ஆட்கள் நேரில் பார்த்து விதித்த தடைகள் அங்கே தெரியும். இணைப்புகளைப் பற்றிய அறிவிப்பு இல்லையென்றால், விலைக்கு வாங்கிய இணைப்புகளும் உங்களிடம் இல்லையென்றால், இந்த வேலையே பெரும்பாலும் தேவைப்படாது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுளின் தானியங்கிக் கணிப்புமுறை, தீய இணைப்புகள் கொண்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் வந்த அதன் நான்காம் பதிப்போ தீய இணைப்புகளை மதிப்பில்லாமல் ஆக்குவதோடு நின்றுவிடுகிறது. காரணம் வேறாக இருக்கும்போது இணைப்புகளை வெட்டினால், தளத்தைத் தாங்கும் நல்ல இணைப்புகளும் சேர்ந்து போய்விடும்.

அறிவிப்பு இருந்தால், ‘லிங்க்ஸ்’ பகுதியிலிருந்து பட்டியலை இறக்கி, தளப்பெயர் வாரியாக அடுக்குங்கள். கட்டணக் கருவிகள் தரும் ‘டாக்ஸிக்’ (நச்சு) மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை. அது கூகுளின் கணக்கு அன்று. ஐயத்திற்குரிய ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்ப்பதே மேல். பிறகு உரிமையாளர்களுக்கு எழுதி, இணைப்பை எடுத்துவிடக் கேளுங்கள். எழுதிய நாளையும் வந்த பதிலையும் குறித்து வையுங்கள்.

எடுக்க முடியாதவற்றுக்கே டிஸ்அவோ கோப்பு; அதைக் கூகுளின் டிஸ்அவோ பக்கத்தில் ஏற்றி, அந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று சொல்கிறோம். இது வரிக்கு ஒரு முகவரி கொண்ட வெறும் டெக்ஸ்ட் கோப்பு. நோட்பேட் போதும், யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும், 2 எம்பிக்கு மேல் போகக் கூடாது. இங்கேதான் நான் இரண்டு முறை தடுக்கினேன். தனித்தனிப் பக்கங்களின் முகவரிகளை முதலில் எழுதினேன். ஆனால் ஒரே தளத்தின் பக்கப்பட்டையில் இருந்த இணைப்பு அதன் நூற்றுக்கணக்கான பக்கங்களிலும் தோன்றியதால், எழுதித் தீரவில்லை. ‘டொமைன்’ என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியின்றித் தளப்பெயரை எழுதினால் அந்தத் தளம் முழுவதும் அடங்கிவிடும். அடுத்த மாதம் புதிதாகக் கண்ட தளங்களை மட்டும் எழுதி ஏற்றியபோது, அவை பழைய பட்டியலோடு சேரும் என்று எண்ணியிருந்தேன். புதிய கோப்பு பழையதை முழுவதுமாக அகற்றிவிட்டது. ஆகவே ஒரே கோப்பை வைத்துக்கொண்டு, அதில் சேர்த்துச் சேர்த்து முழுவதையும் ஏற்றுங்கள்.

கூகுள் அந்தப் பக்கங்களை மீண்டும் வலம்வந்து படிக்கச் சில வாரங்கள் ஆகும். தடையை நீக்கக் கேட்டுக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனை விண்ணப்பத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, குறித்து வைத்த நாட்களையும் சேருங்கள். தடை நீங்கினாலும் பழைய இடம் அப்படியே திரும்பாது. அந்த உயரத்தில் ஒரு பங்கு இப்போது இழந்த இணைப்புகளால் வந்தது.

பின்சேர்க்கை: டிஸ்அவோ பக்கத்தில் தம் தளமே தெரியவில்லை என்று சிலர் எழுதினர். அந்தக் கருவி டொமைன் பிராப்பர்ட்டியை (சர்ச் கன்சோலில் முழு டொமைனையும் ஒன்றாகச் சேர்க்கும் வகை) ஏற்காது; அதே தளத்தை யூஆர்எல் பிரிஃபிக்ஸ் (https:// உடன் முழு முகவரியைத் தந்து சேர்க்கும்) வகையிலும் சேர்த்த பிறகு முயலுங்கள்.